பழைய இரும்பு இழைப்புளி: துரு நீக்குவது முதல் புதுக் கைப்பிடி வரை

பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுக் கிடக்கும் இழைப்புளியைக் கையில் எடுத்தவுடன் கண்ணில் படுவது துரு. பெரும்பாலோர் அதைப் பார்த்தே கீழே வைத்துவிடுகிறார்கள். துரு பெரிய விஷயமே இல்லை, ஒரு இரவில் போய்விடும். நீங்கள் பார்க்க வேண்டியது கைப்பிடியை. அதைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? அடியிலிருந்து ஒரு விரல் அளவு மேலே குறுக்காக ஒரு கோடு ஓடுகிறதா? நான் கழற்றிப் பார்த்த பழைய இழைப்புளிகளில் பாதிக்கு மேல் கைப்பிடி அந்த இடத்தில்தான் விட்டிருந்தது. யாரோ ஒருவர் ஆணி அடித்து, கம்பி சுற்றி, இன்சுலேஷன் டேப் ஒட்டிச் சமாளித்திருப்பார். பிறகு வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கியிருப்பார்.

இரும்பு இன்னும் நூறு வருடம் தாங்கும். கைக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு துண்டு மரம் போனதால்தான் கருவியே குப்பைக்குப் போகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் துருவுக்கும் தகட்டுக்கும் தேவையான அளவு இடம் கொடுத்து, கைப்பிடிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கையில் இருப்பது என்ன

நாம் பேசப்போவது வார்ப்பிரும்பு உடலும், திருகினால் ஏறி இறங்கும், மரத்தைச் சீவும் தகடும் கொண்ட பெய்லி வகை இழைப்புளியைப் பற்றி. லெனார்டு பெய்லி என்ற அமெரிக்கர் உருவாக்கிய அமைப்பு இது. அவருடைய காப்புரிமைகளை 1869-இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கி, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் ஊரில் தயாரிக்கத் தொடங்கியது. பிறகு உலகம் முழுக்க எல்லோரும் செய்தது இதே அமைப்பைத்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரெக்கார்ட் நிறுவனம் 1931-இலிருந்து நீல வண்ணத்தில் செய்தது. இன்று கடையில் புதிதாகக் கிடைப்பவையும் பெரும்பாலும் இதன் வழி வந்தவையே.

மாடல் எண்ணை வைத்து இழைப்புளியின் அளவு தெரிந்துகொள்ளலாம். 4 என்றால் ஒன்பது அங்குலத்துக்குச் சற்று அதிக நீளமும் 2 அங்குலத் தகடும் இருக்கும், கடைசி மெருகுக்கு உதவும். 5 என்றால் 14 அங்குல நீளம், எல்லா வேலைக்கும் ஏற்றது. 7 என்றால் 22 அங்குலம், பலகை விளிம்பை நேராக்குவதற்கு. முதன்முதலாக மீட்டெடுப்பவர்களுக்கு 5-ஐத்தான் சொல்வேன். கொஞ்சம் குறை இருந்தாலும் வேலை செய்யும், பொறுத்துப்போகும் கருவி.

ஸ்டான்லி என்றால் வயதையும் ஓரளவு கணிக்கலாம். தகடு சாய்ந்து உட்காரும் இரும்புத் துண்டுக்கு ஃபிராக் என்று பெயர். அதற்குப் பின்னால் உடலில் 1902 என்று இரண்டு காப்புரிமைத் தேதிகளும் 1910 என்று ஒரு தேதியும் சேர்ந்து இருந்தால், அது முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டியது. தகட்டை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் இரும்பு மூடிக்கு லீவர் கேப் என்று பெயர். அதில் திருகு நுழையும் ஓட்டை சாவித்துளை வடிவில் இருந்தால் 1933-க்கு முந்தைய வடிவம், சிறுநீரக வடிவில் வளைந்திருந்தால் அதற்குப் பிந்தையது. கைப்பிடி கறுப்புச் சாயம் பூசிய சாதாரண மரமாகவும், பித்தளை இருக்க வேண்டிய இடத்தில் இரும்பும் இருந்தால் இரண்டாம் உலகப் போர்க் காலத் தயாரிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பாகங்கள் கைமாறிக் கலந்திருக்கும். ஒரு அடையாளத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது விரிசல். அடித்தளத்தில் தகடு எட்டிப்பார்க்கும் அந்த நீண்ட துளையை வாய் என்போம். அதன் இரு மூலைகளையும், பக்கச் சுவர்களையும் நகத்தால் தடவிப் பாருங்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். வாய்ப் பகுதியில் விரிசல் இருந்தால் அதை உதிரி பாகங்களுக்காக மட்டுமே வாங்குங்கள். தகட்டில் நீளவாக்கில் உள்ள ஓட்டைக்கு முன்னால் இரண்டு விரல் அகலமாவது நல்ல இரும்பு மிச்சம் இருக்க வேண்டும். துரு, உடைந்த கைப்பிடி, ஒட்டிக்கிடக்கும் திருகு எதற்கும் பயப்பட வேண்டாம்.

கழற்றுவது

முதலில் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். லீவர் கேப்பின் நெம்பை உயர்த்தினால் அது வந்துவிடும். அடியில் தகடும், அதன்மேல் திருகியிருக்கும் சிப் பிரேக்கரும் (இழைப்புச் சுருளை மடக்கி முறிக்கும் இரண்டாவது தகடு) ஒன்றாக வரும். பிறகு ஃபிராக்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகள். தகட்டை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரத்தைக் கழற்றும்போது கவனம்: அதன் மரை இடப்பக்க மரை. வழக்கமான திசையில் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும்.

கைப்பிடியை ஒரு நீளக் கம்பியும் அதன் தலையில் ஒரு பித்தளை நட்டும் பிடித்திருக்கும். 4-இல் அந்தக் கம்பி மட்டும்தான். 5-லும் அதைவிட நீளமானவற்றிலும் கைப்பிடியின் முன் பாதத்தில் ஒரு சிறு திருகு கூடுதலாக இருக்கும். பித்தளை மென்மையானது. நட்டின் வெட்டில் அகலமாகவும் இறுக்கமாகவும் பொருந்தும் திருப்புளிதான் வேண்டும். இல்லாவிட்டால் சாணையில் ஒரு பழைய திருப்புளியைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். அசையாத திருகில் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

ஒரு திருகைக்கூடத் தொலைக்காதீர்கள். ஸ்டான்லி கைப்பிடிக் கம்பியின் மரை 12-20 என்னும் தனி அளவு, சாதாரண ஹார்டுவேர் கடையில் அதற்கு ஜோடி கிடைக்காது. பழைய சாப்பாட்டு டப்பா ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு மூடி வையுங்கள்.

துரு

மேலோட்டமான துருவுக்கு மண்ணெண்ணெயும் தேய்க்கும் நாரும் போதும். கொஞ்சம் ஆழமாக இருந்தால் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து, பிளாஸ்டிக் தொட்டியில் இரும்புப் பாகங்களை மூழ்க வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். நாலைந்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். முதல் தடவை நான் வினிகரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, வெளியூர் போய்த் திரும்பி வந்து பார்த்தேன். துருவோடு நல்ல இரும்பையும் அமிலம் தின்று, பரப்பு முழுக்கச் சொரசொரப்பாகிவிட்டிருந்தது. அமிலத்தில் போட்டால் பக்கத்திலேயே இருங்கள்.

ஊறியதை எடுத்துச் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ முழுதாகக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் தையல் மெஷின் எண்ணெய் தடவ வேண்டும். பத்து நிமிடம் தாமதித்தால் புதுத் துரு மஞ்சளாகப் பூத்துவிடும். கடலோர ஊர்களில் பத்து நிமிடம்கூட ஆகாது.

துரு தடிமனாகப் பொருக்குத் தட்டியிருந்தால் மின்சார முறை. பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனை இழைப்புளிக்கு, பிளஸ் முனை ஒரு சாதாரணக் கட்டடக் கம்பிக்கு. இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடக் கூடாது. முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் கரைவது உங்கள் இழைப்புளி, எனவே இரண்டு தடவை சரிபாருங்கள். பிளஸ் பக்கம் எவர்சில்வர் எதையும் வைக்கக் கூடாது. அதிலிருக்கும் குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கலக்கும். கிளம்பும் குமிழிகளில் ஹைட்ரஜன் இருக்கிறது, ஆகவே திறந்த இடத்தில், நெருப்பு இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள். கையை விடும் முன் சுவிட்சை அணையுங்கள். இந்த முறையில் உள்ளே பூசிய கறுப்பு வண்ணமும் பல இடங்களில் உரிந்துவிடும்.

அந்தக் கறுப்புப் பூச்சைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நிலக்கீலை அடிப்படையாகக் கொண்டு பூசிச் சூளையில் சுட்ட பூச்சு அது. பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் அப்படியே விடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய் துடைத்தால் போதும். முழுதாகப் போய்விட்டிருந்தால் மட்டும் கறுப்பு எனாமல் அடியுங்கள். அடிக்கும்போது ஃபிராக் உட்காரும் பரப்பையும் கைப்பிடி உட்காரும் இடத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

பித்தளைச் சக்கரத்தையும் நட்டுகளையும் அமிலத் தொட்டியில் ஊறப்போட வேண்டாம், செம்பு நிறமாகிவிடும். வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளியும் கொஞ்சம் உப்பும் போட்டுத் தேய்த்து உடனே கழுவினால் பளிச்சென்று ஆகிவிடும்.

அடித்தளமும் ஃபிராக்கும்

அடித்தளம் முழுதும் கண்ணாடி போல இருக்க வேண்டும் என்று நினைத்து நாள் கணக்கில் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. மூன்று இடங்கள் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும்: முன் விளிம்பு, வாய்க்கு நேர் முன்னால் உள்ள பட்டை, பின் விளிம்பு. நடுவில் அங்கங்கே பள்ளம் இருந்தால் வேலை கெடாது.

தடித்த கண்ணாடித் துண்டிலோ கிரானைட் பலகையிலோ 80-ஆம் எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். ஃபிராக், தகடு, லீவர் கேப் எல்லாவற்றையும் பூட்டி, தகட்டை மட்டும் உள்ளே இழுத்து வைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். லீவர் கேப்பின் அழுத்தத்தில் உடல் நூலளவு வளையும், வேலை செய்யும்போது இருக்கும் அந்த நிலையிலேயே அது மட்டமாக வேண்டும். அடியில் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுவிட்டுத் தேயுங்கள். எங்கே கோடு அழிகிறதோ அது மேடு. அந்த மூன்று இடத்திலும் கோடு போனதும் 120, 220 என்று மாற்றி முடித்துவிடுங்கள். பக்கங்களைத் தேய்க்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

ஃபிராக்குக்குச் சுத்தம்தான் முக்கியம். அது உடலில் உட்காரும் பரப்பில் பழைய மரத்தூளும் எண்ணெயும் கல்லாக இறுகியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு சுரண்டி எடுங்கள். பூட்டும்போது ஃபிராக்கின் முகப்பும் வாயின் பின் விளிம்பும் ஒரே சரிவில் தொடர வேண்டும். தகட்டுக்கு அடியில் முழு ஆதாரம் கிடைத்தால்தான் இழைக்கும்போது அது கடகடவென்று அதிராது.

தகடு

தகட்டின் முதுகுப் பக்கத்தில், கூர் விளிம்பை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் மட்டும் மட்டமாகவும் பளபளப்பாகவும் இருந்தால் போதும். அந்த இடத்தில் துருக் குழிகள் இருந்தால் அவை தாண்டும் வரை முன்னால் சாணை பிடித்துக் குறைத்துவிடுங்கள். மின்சாணையில் பிடித்தால் சில விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் நனையுங்கள். இரும்பு நீலம் பாய்ந்துவிட்டால் அங்கே பதம் போய்விட்டது என்று பொருள், அந்தப் பகுதியை முழுக்கத் தேய்த்து எடுக்கும் வரை கூர் நிற்காது. 25 டிகிரியில் சரிவு பிடித்து, கடைசிக் கூரை 30 டிகிரியில் நுண்ணிய கல்லில் எடுங்கள்.

சிப் பிரேக்கரை யாரும் கண்டுகொள்வதில்லை. அதன் முன் விளிம்பு தகட்டோடு இடைவெளியே இல்லாமல் உட்கார வேண்டும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கோடாக ஒளி தெரிந்தால் அந்தச் சந்தில்தான் இழைப்புச் சுருள் போய் அடைத்துக்கொள்ளும். கல்லின் ஓரத்தில் விளிம்பை வைத்து, வால் பக்கத்தைக் கல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தாழ்த்தி, ஒளி மறையும் வரை தேயுங்கள். பூட்டும்போது சாதாரண வேலைக்குக் கூரிலிருந்து ஒரு மி.மீ. பின்னால், முரட்டு நார் உள்ள மரத்துக்கு அதில் பாதிக்கும் குறைவாக.

கைப்பிடி ஏன் உடைகிறது

இந்தக் கைப்பிடியில் மரத்தின் நார் அடித்தளத்துக்கு இணையாக, முன்னிருந்து பின்னாக ஓடும். அப்படி இருந்தால்தான் மேலே பின்பக்கம் நீளும் கொம்பும் கீழே முன்னால் நீளும் பாதமும் வலுவாக இருக்கும். ஆனால் நாம் தள்ளும் விசை, கழுத்துப் பகுதியை நார் பிரியும் திசையில் பிளக்கப் பார்க்கிறது. அந்தப் பலவீனத்தை ஈடுகட்டத்தான் உள்ளே கம்பி. நட்டை இறுக்கும்போது கம்பி மரத்தை மேலிருந்து கீழாக அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அந்த அழுத்தம் இருக்கும் வரை கைப்பிடி உடையாது.

மரம் சுருங்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். கைப்பிடியின் உயரம் ஒரு மி.மீ. குறைந்தாலே, நட்டுக்குள் கம்பியின் மரை முடிந்துபோய், நட்டு மரத்தை அழுத்தும் முன்பே நின்றுவிடும். எவ்வளவு பலமாகத் திருகினாலும் கைப்பிடி ஆடும். ஆடும் கைப்பிடியோடு தொடர்ந்து வேலை செய்தால் ஒருநாள் கழுத்து படக்கென்று விடும். ஆகவே ஆடும் கைப்பிடி கிடைத்தால் உடனே கம்பியை வெளியே எடுத்து, நுனியில் ஒன்று அல்லது இரண்டு மி.மீ. அரத்தால் குறைத்துவிடுங்கள். அல்லது நட்டின் தலைக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷர் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. இதை யாராவது அந்தக் காலத்தில் செய்திருந்தால் நான் பார்த்த எத்தனையோ கைப்பிடிகள் பிழைத்திருக்கும்.

ஒட்டலாமா?

உடைப்பு புதிதாக, சுத்தமாக, துண்டுகள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருந்தினால் ஒட்டுங்கள். பழைய ஸ்டான்லியில் இருப்பது பெரும்பாலும் பிரேசில் ஈட்டி மரம். 1992 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கடும் தடை. அந்த மரத்தை இனி நாம் எங்கும் வாங்கப்போவதில்லை. அதனால் முடிந்தவரை காப்பாற்றுவதுதான் சரி.

அந்த மரத்தில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. உடைந்த பரப்பை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தவுடன் எப்பாக்ஸி வையுங்கள். சுத்தமான உடைப்புக்கு வச்சிரமும் நன்றாகப் பிடிக்கும். வளைவான பொருளைக் கிளாம்ப்பில் இறுக்குவது கஷ்டம். அதற்கு அதன் ஓட்டையையே பயன்படுத்தலாம்: நீளமான மரை போட்ட கம்பி ஒன்றில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, ஓட்டைக்குள் விட்டு, இரு பக்கமும் வாஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். மெழுகு இருப்பதால் பசை கம்பியில் ஒட்டாது. விலகும் இடங்களைச் சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இழுத்துச் சுற்றிக் கட்டுங்கள்.

கொம்பு மட்டும் முறிந்து போயிருந்தால் உடைந்த இடத்தைச் சீவி மட்டமாக்கி, அதே நார் திசையில் ஒரு துண்டை ஒட்டி, பிறகு அரத்தால் வடிவம் கொடுக்கலாம். பசை காய்ந்து கிடக்கும் பழைய உடைப்பு, ஆணி துளைத்த கழுத்து, பாதி காணாமல் போன பாதம் என்றால் ஒட்டுவதில் பயனில்லை. புதிதாகச் செய்துவிடுங்கள்.

புதுக் கைப்பிடி

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நமக்குக் குறை இல்லை. நம் ஊர் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோமே, அது பிரேசில் ஈட்டியின் சொந்தக்கார மரம்தான், இரண்டும் டால்பெர்ஜியா இனம். புதிதாக வாங்க அலைய வேண்டாம். உடைந்த பழைய நாற்காலிக் கால், கட்டில் சட்டம் என்று பழைய மரச்சாமான் கடைகளில் துண்டு கிடைக்கும். பல வருடம் காய்ந்த மரம் என்பதால் அதுவே மேல். அடுத்து எனக்குப் பிடித்தது பூவரசு. வண்டிச் சக்கரம் செய்த மரம், அதிர்ச்சியைத் தாங்கும், கைக்கு வழவழப்பாக இருக்கும். புளிய மர வைரமும் கருவேலமும் கடினம், அரம் போடும்போது கை வலிக்கும், ஆனால் நிற்கும். தேக்கு சுலபமாக வேலைக்கு வரும், ஆனால் கொம்பு மெலிதாக இருக்கும் இடத்தில் சீக்கிரம் நசுங்கிவிடுகிறது. எந்த மரமானாலும் ஈரம் இருக்கக் கூடாது. ஐப்பசி மழையில் அறுத்த மரத்தில் செய்த கைப்பிடி சித்திரை வெயிலில் சுருங்கி ஆடத் தொடங்கிவிடும். ஈட்டித் தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

அச்சு எடுப்பதில் தொடங்குங்கள். பழைய துண்டுகளைச் சேர்த்து வைத்துத் தடித்த அட்டையில் சுற்றுக்கோடு வரையுங்கள். ஓட்டைக்குள் ஒரு நேரான கம்பியை விட்டு, அது மேலும் கீழும் வெளியே வரும் இடங்களை அட்டையில் குறித்து நேர்கோடாக இணையுங்கள். வெளிக்கோட்டைவிட இந்தக் கோடுதான் முக்கியம். பழைய கைப்பிடியே இல்லையென்றால் அதே எண்ணுள்ள இன்னொருவரின் இழைப்புளியிலிருந்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். 4-இன் கைப்பிடியும் 5-இன் கைப்பிடியும் பாதத்தில் வேறுபடும்.

மரத்துண்டு சுமார் 140 மி.மீ. நீளம், 110 மி.மீ. உயரம் இருக்கட்டும். கனம் 22 மி.மீ.க்கு இழைத்து, அடி விளிம்பைப் பக்கங்களுக்குச் சரியாகச் செங்குத்தாக ஆக்குங்கள். நார் அடி விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். இதில் மட்டும் மரத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

இப்போது ஓட்டை. வடிவத்தை வெட்டும் முன்பே ஓட்டை போட்டுவிட வேண்டும். நான் செய்த முதல் கைப்பிடியில் அழகாக வடிவம் கொடுத்து, மெருகேற்றி, கடைசியில் துளையிட்டேன். வளைந்த பொருளை நேராகப் பிடிக்க வழியில்லாமல், துளைப்பான் கழுத்தின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துவிட்டது. இரண்டு நாள் உழைப்பு வீண். செவ்வகத் துண்டாக இருக்கும்போது அதை வைஸில் நேராகப் பிடிக்க முடியும், கோட்டையும் எல்லாப் பக்கத்திலும் வரைய முடியும்.

கம்பிக் கோட்டை இரு பக்கப் பரப்பிலும் வரைந்து, மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் நடுமையத்தைக் குறியுங்கள். ஓட்டை சாய்வாகப் போவதால் துளைப்பான் மேல் விளிம்பில் வழுக்கும். அதனால் கைப்பிடியின் சுற்றுக்கோட்டுக்கு வெளியே, கம்பிக் கோட்டுக்குச் செங்குத்தாக மேல் மூலையை அறுத்து ஒரு தட்டையான பரப்பு உண்டாக்குங்கள். துண்டைச் சாய்த்து, கம்பிக் கோடு தரைக்குச் செங்குத்தாக வரும்படி இறுக்கிவிட்டால், டிரில் நேராக இறங்கினால் போதும்.

முதலில் பெரிய குழி. நட்டின் தலைக்கு ஒரு அளவு, அதன் கழுத்துக்குச் சிறிய அளவு. வெர்னியரால் அளந்து அதற்கேற்ற பிட் எடுங்கள். குழியின் ஆழத்தை முடிந்த கைப்பிடியின் மேல் பரப்பிலிருந்து கணக்கிட வேண்டும், இப்போதுள்ள மூலையிலிருந்து அல்ல. பிறகு அதே மையத்தில் 6.5 மி.மீ. துளை. கம்பி 5.5 மி.மீ.தான், மீதி ஒரு மி.மீ. பொருத்தும்போது கை கொடுக்கும். சிறிய துளையை முதலில் போட்டால் பெரிய பிட்டுக்கு மையம் கிடைக்காமல் அலையும். மேலிருந்து பாதி, அடியிலிருந்து பாதி என்று துளைத்தால் நடுவில் சிறு பிசகு வந்தாலும் கம்பி நுழைந்துவிடும். அடியில் இரும்பு உடலில் எழும்பியிருக்கும் திண்டு உட்கார ஒரு குழி வேண்டும். பழைய கைப்பிடியின் அடியைப் பார்த்து அதே அகலம், அதே ஆழம். கம்பியை விட்டு, இரும்பு உடலில் திருகி, துண்டு நேராக நிற்கிறதா என்று இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். தவறு இருந்தால் போவது ஒரு மரத்துண்டு மட்டும்தான்.

சரி, இப்போது அச்சை வைத்து வடிவத்தை அறுக்கலாம். வளைவு ரம்பம் போதும். கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே அறுத்து, மர அரத்தால் கோடு வரை கொண்டுவாருங்கள். பிறகு விளிம்பு முழுக்க நடுக்கோடு ஒன்றும், இரு பக்கப் பரப்பிலும் விளிம்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே ஒரு கோடும் வரையுங்கள். அந்தக் கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே உள்ள மூலையை 45 டிகிரியில் அரம் போட்டுச் சரிவாக்கி, அந்தச் சரிவின் இரு முனைகளையும் மீண்டும் சரித்து, அப்புறம் உருட்டுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி வர இதுதான் வழி. அடிப் பாதத்துக்கு அருகில் உருட்டலை நிறுத்திவிடுங்கள், இரும்பைத் தொடும் இடம் முழு அகலத்தோடு இருக்கட்டும்.

இந்தக் கைப்பிடியைப் பிடிப்பது மூன்று விரலால். ஆள்காட்டி விரல் முன்னால் நீண்டு தகட்டின் ஓரத்தை ஒட்டிப் போகும். நாலு விரலையும் உள்ளே திணிக்க இடம் தேடி வளைவை ஆழமாக்கினால் கழுத்து மெலிந்துபோகும். அரம் போட்டு முடியும் தறுவாயில் கைப்பிடியைப் பூட்டி, ஏதாவது ஒரு பலகையில் பத்து முறை இழைத்துப் பாருங்கள். கொம்பின் அடியில் கட்டைவிரல் கவட்டை அழுத்துகிறதா, உள்ளங்கையில் மேடு தட்டுகிறதா என்று கை சொல்லும். தட்டும் இடத்தில் பென்சிலால் குறித்து, கழற்றி, அங்கே மட்டும் குறையுங்கள். நான் இந்தச் சுற்றை ஐந்தாறு முறையாவது செய்வேன். கடையில் வாங்கும் எந்தக் கைப்பிடியும் உங்கள் கைக்கு இப்படிப் பொருந்தாது. அதன்பின் எமரித் துணியைக் கீற்றாகக் கிழித்து, இரு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து 80, 120, 180, 240 என்று முடியுங்கள்.

கடைசியாக அடிப்பரப்பு. வார்ப்பிரும்பு உடலில் கைப்பிடி உட்காரும் இடம் பார்க்க மட்டம் போலத் தெரியும், இருக்காது. நடுவில் கார்பன் தாளை மைப்பக்கம் மரத்தைப் பார்க்க வைத்து, கைப்பிடியை அழுத்தி எடுங்கள். மை பட்ட இடமே மேடு. கூரான உளியால் அதை மட்டும் செதுக்கி, மறுபடி வைத்துப் பாருங்கள். முன் பாதத்திலும் பின் குதிகாலிலும் மை சமமாகப் படும்போது நிறுத்துங்கள். இந்த அரை மணி நேர வேலையைத் தவிர்த்தால் கைப்பிடி ஆடும், ஆடினால் என்ன ஆகும் என்று முன்பே பார்த்துவிட்டோம். 5-க்கு என்றால், இந்தப் பொருத்தம் முடிந்த பிறகே பாதத் திருகுக்குத் துளையிடுங்கள்.

முன் குமிழ்

இழைப்புளியின் முன்னால் இன்னொரு கை பிடிக்கும் உருண்டைக் குமிழுக்குக் கடைசல் வேண்டும். சொந்தமாக லேத் இல்லாதவர்கள் பக்கத்துக் கடைசல் பட்டறையில் பழைய குமிழைக் காட்டினால் செய்து தருவார்கள். நடு ஓட்டையைப் போட்டுவிட்டு, அந்த ஓட்டையை மையமாக வைத்துக் கடையச் சொல்லுங்கள். பழைய குமிழ்களில் அடிவிளிம்பு சிம்பாகத் தெறித்திருக்கும். அதிகம் இறுக்கியதால் வருவது அது. பாதி தெறித்திருந்தாலும் பிடிக்க வசதியாக இருந்தால் மாற்ற வேண்டாம்.

மெருகு

கைப்பிடிக்குப் பளபளப்பான வார்னிஷ் வேண்டாம். வியர்த்த கையில் வழுக்கும், உரியும். லின்சீட் ஆயிலை மெல்லத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி. மூன்று தடவை போதும். பழைய கைப்பிடியின் தோற்றம் வேண்டுமானால் அதன்மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை இரண்டு மெல்லிய பூச்சு கொடுக்கலாம். லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போட்டு, பிறகு வீசுங்கள்.

பூட்டி இழைத்துப் பார்ப்பது

ஃபிராக், சக்கரம், கைப்பிடி, குமிழ், தகடு, லீவர் கேப் என்ற வரிசையில் பூட்டுங்கள். லீவர் கேப்பின் அழுத்தம், தகட்டைச் சக்கரத்தால் நகர்த்த முடிகிற அளவுக்கு இருக்க வேண்டும், பக்கவாட்டில் தானாக நழுவக் கூடாது. தகட்டை உள்ளே இழுத்து வைத்து, மென்மையான மரத்துண்டில் தள்ளிக்கொண்டே கால் சுற்றாகச் சக்கரத்தைத் திருப்புங்கள். முதலில் தூள் வரும், பிறகு கிழிந்த கீற்று, பிறகு முழு அகலச் சுருள். ஒரு பக்கம் மட்டும் தடிமனாக வந்தால் ஃபிராக்கின் மேலே நீட்டியிருக்கும் பக்கவாட்டு நெம்பைச் சிறிது தள்ளிச் சரிசெய்யுங்கள். சுருள் சிப் பிரேக்கருக்கு அடியில் சிக்கினால் அந்த விளிம்பை மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். கடகடவென்று அதிர்ந்தால் ஃபிராக் திருகு இரண்டும் இறுக்கமா என்று பாருங்கள்.

கைப்பிடியின் நட்டை விரல் நுனி பலத்தில் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று மட்டும். இரண்டு வாரம் வேலை செய்த பிறகு மீண்டும் ஒரு கால் சுற்று கேட்கும். சித்திரை வந்ததும் இன்னொரு தடவை பாருங்கள். அப்போது நட்டு இறுகிவிட்டதாகத் தோன்றியும் கைப்பிடி அசைந்தால், கம்பியைக் கழற்றி நுனியில் ஒரு மி.மீ. அரம் போட்டுவிட்டுப் பூட்டுங்கள்.